காக்கைக் கதையில் வெட்டிய பகுதி

நூற்று நாற்பது நாட்டுப்புறக் கதைகளுக்கு நான் குரல் கொடுத்திருக்கிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி. குழந்தைகளுக்கான கதை ஆப். ஆமையோ நரியோ சோம்பேறி மகனோ, எந்தக் கதையானாலும் கடைசியில் இரண்டு வரி வாழ்க்கைப் பாடம் வந்தாக வேண்டும். பெரும்பாலும் ஒரே பாடம்தான்: நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே உன்னை ஏற்றுக்கொள். ஊருக்கு உபதேசம் செய்வது எனக்கு நன்றாகவே வந்தது.

பிப்ரவரியில் தைராய்டு ஆபரேஷன். குரல் முழுதாகப் போய்விடவில்லை. தொண்டையில் மணலைக் கொட்டியதுபோல ஒன்று மிஞ்சியது. ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார் டாக்டர். சரி என்றேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து காலையில் கம்பெனி வண்டியில் ஏறி, மாலையில் இறங்கி, பேசவேண்டிய இடத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வலித்திருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. என் மகள் தர்ஷினிக்கு ஐந்து வயது. போனில் என் கதை ஓடினால்தான் வாயைத் திறப்பாள். பழக்கியவளும் நான்தான், பத்து நிமிஷத்தில் தட்டு காலியாகிவிடும் என்ற சுயநலம். ஆபரேஷனுக்குப் பிறகு லீவில் இருந்தபோது, போனை எடுத்து வைத்துவிட்டு நானே கதை சொன்னேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இது வேணாம். போன் அம்மா சொல்லட்டும்."

அன்றிலிருந்து நான் உருட்டி ஊட்ட, போன் அம்மா கதை சொன்னாள். "கொழந்ததானே, விடு" என்றார் என் கணவர் சுனில். விட்டேன். அங்கேயும் மரத்துத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளை வேண்டாம் என்கிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் மேனேஜர் மமதா ஒரு படிவத்தை நீட்டினாள். கன்னடக்காரி, நல்லவள்.

"உங்க பழைய ரெக்கார்டிங் வெச்சு மெஷின்லயே புது கதை பண்ணிடலாம் சிந்தியா. நீங்க ஸ்ட்ரெய்ன் பண்ணிக்க பேடா. சும்னே ஒரு சைன், அஷ்டே, அவ்ளோதான். மண்டேக்குள்ள குடுங்க."

அதற்கு முன் சோதனைக்கு ஒரு கதை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று மெஷினுக்குத் தெரியாது. ஒரு ஆள் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு 'ஸ்க்ராட்ச்' என்று பெயர். வேலை முடிந்ததும் தூக்கி எறிந்துவிடுவார்கள். என் இன்றைய குரல் கம்பெனிக்கு அதற்கு மட்டும்தான் தேவைப்பட்டது.

காக்கைக் கதை. காக்கை தன் குரலைக் குயிலிடம் கொடுத்துவிட்டு அதன் குரலை வாங்கிக்கொள்கிறது. கூட்டுக்கு வந்து பாடுகிறது. குஞ்சுகளுக்கு அடையாளம் தெரியவில்லை. காக்கை குரலைத் திருப்பித் தரப் புறப்படுகிறது. அங்கே வாழ்க்கைப் பாடம், முடிந்தது. அசல் கதை இன்னும் போகும். பசி, இழப்பு எல்லாம் குழந்தைகளுக்கு ஆகாது என்று வெட்டிவிட்டார்கள். நானும் வாசித்துவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஒலிப்பதிவுக்கார ரகுராம் போன் செய்தான். எல்லாக் கோப்புக்கும் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ ஒன்' என்றே பெயர் வைப்பவன்.

"மேடம், காக்கா கதைய ஆப்புல மாத்தி ஏத்திட்டேன். மெஷின் வாய்ஸுக்குப் பதிலா உங்க ஸ்க்ராட்ச் போயிடுச்சு. மமதா மேடம்கிட்ட சொல்லிடாதீங்க. மண்டே காலைல மாத்திடறேன்."

"யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?"

"நாலாயிரம் பேர் கேட்டிருக்காங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல மேடம்."

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பழைய குரலை யாரும் தேடவில்லை, புதியதை யாரும் திட்டவும் இல்லை. இதற்கா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததே பெரிய விஷயம்.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்து, தர்ஷினிக்கு ரசம் சாதம் பிசைந்தேன். அவளே போனில் புதுக் கதையைத் தட்டினாள். இரண்டு வாய் வாங்கியவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"இது யாரும்மா?"

"நான்தான்."

"போன் அம்மா இல்ல."

"போன் அம்மாதான். இப்ப இப்பிடித்தான் பேசுறா."

போனைப் பார்த்தாள். என் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். கதை முடிந்து பாடமும் ஓடி முடிந்தது.

"அப்பறம் குஞ்சுங்க சாப்ட்டுச்சா?"

"போன்ல அது இல்ல. வெட்டிட்டாங்க."

"ஒனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். சொல்லு என்றாள். சோற்றை நீட்டினால் மட்டும் உதட்டை மூடிக்கொண்டாள்.

"காக்கா போறதுக்குள்ள குயில் ஊர விட்டே போயிடுச்சு. காக்காவோட சொந்தக் குரலும் அதோட போச்சு. கடன் வாங்குன குரல் ரெண்டே நாள்ல கரைஞ்சிடுச்சு. தொண்டைல மிச்சம் இருந்தது வெறும் கா."

"குஞ்சுங்க?"

"நீ எங்க அம்மா இல்லன்னுச்சுங்க. வாயத் தெறக்கல. காக்கா என்ன பண்ணும்? அது பாட்டுக்கு எரை கொண்டாந்து வச்சுக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் பசி தாங்கல. ஒண்ணு மட்டும் வாயத் தெறந்துச்சு."

அந்த இடத்தில் என் குரல் உடைந்தது. ஸ்டுடியோவாக இருந்தால் இன்னொரு முறை வாசித்திருப்பேன். அப்படியே மேலே போனேன்.

"அம்மான்னு கண்டுபிடிச்சிடுச்சா?"

"இல்ல. பசிச்சுச்சு."

பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்பார்கள். அன்பு அப்புறம் வந்திருக்கலாம்; கதையில் அது இல்லை, நானும் சேர்க்கவில்லை. தர்ஷினி தட்டைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். ஒரு உருண்டை வைத்தேன். எனக்கு அழுகை வந்தது, பிப்ரவரிக்குப் பிறகு முதல் முறையாக.

திங்கட்கிழமை மமதாவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பழையது நல்ல குரல், வைத்துக்கொள்ளட்டும். ரகுராம் கோப்பை மாற்றிவிட்டான். வீட்டுப் போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டேன்.

இப்போது சாப்பாடு முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது. நடுவில் குரல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் குடிக்கிறேன். அவள் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறாள்.