செவ்வாயும் சனியும்

பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒன்பதாம் நாள் காலை. டீனா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, காங்கேயத்து மாணவி ஹிபாவின் குரல்செய்தி வந்தது. "மிஸ், கோவிச்சுக்காதீங்க. நான் லென்ஸ்ல ஒரு டவுட் கேட்டேனுங்க. நீங்க யூசுப்னு வேற யாரோ பேரச் சொல்லி வேற எதுக்கோ பதில் சொல்றீங்க. நான் தப்பாக் கேட்டுப்போட்டனுங்களா?"

டீனா கைபேசியில் தங்கள் பாடச் சேனலைத் திறந்தாள். சிவப்பு எழுத்தில் 'நேரலை' என்றிருந்தது. போன ஈஸ்டருக்குத் தைத்த சுடிதாரில் அவளே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். எண்ணூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சாட்டில் அவள் பெயரிலேயே யாரோ 'குட் மார்னிங் கண்ணுகளா' என்று எழுதியிருந்தார்கள்.

அவளும் சசிதரும் ஒரே டுட்டோரியலில் வேலை பார்த்தவர்கள். கேமரா அவனுக்கு, இயற்பியல் அவளுக்கு என்று இந்தச் சேனலைத் தொடங்கி இரண்டரை வருடம், தினமும் காலை ஏழிலிருந்து எட்டரை வரை நேரலை. காய்ச்சலோடு நடத்தினாள். அப்பாவை அடக்கம் செய்த மறுநாளும் நடத்தினாள். கடைசியில் குரல்நாண் வீங்கி வெறும் காற்று மட்டும் வந்தது. அன்று சசிதர்தான் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மூன்று வாரம் ஓய்வு. அப்புறம் வாரத்தில் இரண்டே நாள், செவ்வாயும் சனியும். "பசங்ககிட்ட நான் சொல்லிக்கறேனுங்க. நீங்க நிம்மதியா இருங்க" என்றான். அவனை அப்போது கையெடுத்துக் கும்பிட்டதை நினைத்தால் இப்போது உடம்பு கூசியது.

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பீளமேட்டில் பேக்கரி மாடியில் இருந்த ஸ்டுடியோவுக்கு நடந்தே போனாள். சசிதர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தான். அவன் பின்னால் திரையில் அவள் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். நோட்டில் எழுதி நீட்டினாள்: 'பசங்ககிட்ட சொல்லலையா?'

"சொன்னா வேற சேனலுக்குப் போயிருவாங்கங்க. இப்ப உங்களுக்கும் ரெஸ்ட் ஆச்சு, பசங்களுக்கும் பாடம் ஆச்சு."

'நிறுத்துங்க' என்று எழுதினாள்.

அவன் படித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். "ரெண்டரை வருசப் பாடம் கைல இருக்குதுங்க. உண்மையச் சொன்னா, இனி நீங்க வராட்டியும் இது ஓடும்." மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னான்.

கத்தினால் மிச்சமிருக்கும் குரலும் போய்விடும். படியில் இறங்கிக்கொண்டே ஹிபாவுக்கு எழுதினாள்: 'நீ கேட்டது சரிதான் கண்ணு. அது பழைய பதிவு. நான் பேசி ஒன்பது நாளாச்சு. எல்லார்கிட்டயும் சொல்லு.' சேனலிலும் அதையே எழுதப் போனாள். அதற்குள் சசிதர் அவளைப் பிளாக் செய்திருந்தான்.

பேருந்து நிறுத்தத்தில் சீருடையில் ஒரு பெண் காதில் இயர்போனோடு, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் பையின் மேல் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் டீனா. முகக்கவசத்தோடு யாரோ பக்கத்தில் வந்து நிற்பதைக் கண்டு, அந்தப் பெண் பையை நகர்த்தி உட்கார இடம் விட்டாள். மறுபடி குனிந்துகொண்டாள். திரையில் டீனா பலகையிலிருந்து திரும்பி எதையோ கேட்டாள். பெண் எழுதுவதை நிறுத்தி, திரையைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினாள்.