எபினே மண்டபத்தில் என் சால்வை

என் தம்பி இராஜதுரை ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவான். எங்கே என்று கேட்டேன். மல்யுத்தம் பார்க்கவாம். வயது நாற்பத்தொன்று. உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறான். கோயிலில் உபயம் உள்ள குடும்பத்துப் பிள்ளை, அரைக் காற்சட்டை போட்ட ஆம்பிளைகள் உருண்டு புரள்வதைப் பார்க்க கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி எபினேக்குப் போகிறான்.

நேரில் பார்த்துத் தடுப்பதென்று ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். வெளியே போகும்போது வழக்கம்போலக் கோட்டுக்கு மேல் சால்வை போட்டிருந்தேன். அதுதான் வினையாயிற்று.

ஊர் மண்டபம். இருநூறு மடக்கு நாற்காலிகள், நடுவில் கயிறு கட்டிய மேடை, பொரித்த இறைச்சியின் புகை. முன்வரிசையில் இராஜதுரைக்கென்று நிரந்தரமாக ஒரு நாற்காலி. மூன்று வெள்ளைக்காரக் கிழவிகள் எழுந்து வந்து அவன் கன்னத்தில் முத்தமிட்டார்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"ஒருத்தன் நல்லவன், மற்றவன் கெட்டவன், அண்ணை. கெட்டவனை நாங்கள் ஏச வேணும். அவ்வளவுதான்" என்றான் தம்பி.

கெட்டவனுக்குக் கசாப்புக்காரன் என்று பட்டம். மலை போன்ற உடம்பு. அவன் மேடையேறியதும் மண்டபமே ஊளையிட்டது. வீட்டில் உப்புக் காணாது என்றுகூட வாய் திறக்காத என் தம்பி நாற்காலியில் ஏறி நின்று பிரெஞ்சில் கத்தினான்.

"என்னடா சொல்லுறாய்?"

"அவரின்ரை தாயைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை அண்ணை, பயப்பிடாதையுங்கோ."

"இறங்கு கீழை. வெட்கமில்லையோ?"

"ஆறு நாளும் குசினிக்குள்ளை முதலாளிக்கு 'ஓம் முசியு, ஓம் முசியு' எண்டு நிக்கிறன். இஞ்சை மூண்டு மணித்தியாலம் கத்தலாம். ஒருத்தரும் விசாப் பேப்பர் கேக்கமாட்டினம்."

பதில் சொல்வதற்குள் நல்லவன் தூக்கியெறிய, கசாப்புக்காரன் எங்கள் காலடியில் வந்து விழுந்தான். எழுந்தான். அந்த மண்டபத்தில் கத்தாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். என் சால்வையை உருவினான். முகத்தைத் துடைத்தான், கழுத்தைத் துடைத்தான், இரண்டு கமக்கட்டையும் துடைத்தான். பிறகு நாலாய் மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

"அண்ணை, இது பெரிய மரியாதை! நாலு வருசமா வாறன், என்னை ஒருநாளும் தொடேல்லை" என்றான் இராஜதுரை. அவன் குரலில் பொறாமை இருந்தது.

அடுத்த நாள், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், மகேந்திரராசாவின் காய்கறிக் கடைக்குப் போனேன். கதை எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. கதிரையில் இருந்தபடியே கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டு அவன் கேட்டான்: "அண்ணை, சால்வை காய்ஞ்சிட்டுதோ?" பின்னால் நின்ற இரண்டு பேர் இருமுவதுபோலச் சிரித்தார்கள். நான் போனால் கதிரையை விட்டு எழும்புகிறவன் அவன். அன்று எழும்பவில்லை.

அடுத்த ஞாயிறு, ஆட்டம் தொடங்குமுன், தம்பியை இழுத்துக்கொண்டு உடுப்பு மாற்றும் அறைக்குப் போனேன். கசாப்புக்காரன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தன் சப்பாத்துக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தான். பெயர் எமிலாம். வாரநாளில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாராம். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து ஏதோ சொன்னார்.

"மன்னிப்புக் கேக்கிறார், அண்ணை. முடிஞ்சுது. வாங்கோ."

"முடியேல்லை. சபையிலை செய்த அவமானத்துக்கு அறைக்குள்ளை மன்னிப்புக் கேட்டால் ஆர் கண்டது? சபையிலை கேக்கச் சொல்லு."

தம்பி தலையில் கை வைத்தான். மொழிபெயர்த்தான். எமில் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"கெட்டவன் சபையிலை மன்னிப்புக் கேட்டால், பிறகு தன்னை ஏசுறதுக்கு ஆர் வருவினம் எண்டு கேக்கிறார்."

"அது அவரின்ரை பாடு."

எமில் பெருமூச்சு விட்டார். பிறகு தலையாட்டினார்.

அன்று அவர் கள்ளத்தனமாக ஒரு ஆட்டம் வென்றார். உடனே ஒலிவாங்கியை வாங்கினார். என்னைக் காட்டினார். கயிற்றோரம் வந்து முழங்காலில் நின்றார். மண்டபம் அடங்கிப்போயிற்று. நான் எழுந்து சால்வையைச் சரிசெய்தேன். 'பார்தோன்' என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். கையை நீட்டினார்.

"நோன்! நோன்!" என்று மண்டபம் முழுவதும் அலறியது. ஒரு கிழவி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணை, நம்பாதையுங்கோ! கெட்டவன் கை நீட்டினால் இழுத்து விழுத்தத்தான்!"

"மன்னிப்புக் கேக்கிறார் எண்டு நீதானேடா சொன்னாய்?"

"அது உள்ளை. இது இஞ்சை!"

எமிலின் முகத்தைப் பார்த்தேன். மனிதர் உண்மையாகத்தான் கேட்டார், நெற்றி வியர்த்திருந்தது. ஆனால் இருநூறு பேரில் ஒருவரும் நம்பவில்லை. சபை நம்பாத மன்னிப்பை வாங்கிக்கொண்டு நான் எந்த முகத்தோடு மகேந்திரராசா கடைக்குப் போவேன்? ஒருவேளை நம்பிவிட்டார்களானால், இந்த மனிதரை ஏச ஆர் வருவார்கள்?

நான் கையைக் கொடுக்கவில்லை. சால்வையை எடுத்து முறுக்கி, அவர் தோளில் ஒன்று போட்டேன்.

பருத்திச் சால்வை. அதில் என்ன பாரம்? எமில் இரும்புத் தடி பட்டவர்போல அலறி, மூன்று முறை உருண்டு, மேடையின் அந்தப் பக்கத்தில் போய்க் கிடந்தார். மண்டபம் எழுந்து நின்றது. நான் வேறு பக்கம் பார்ப்பதற்குள் மூன்று கிழவிகளும் என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டார்கள். இராஜதுரை அழுதுகொண்டிருந்தான், மடையன்.

திங்களன்று மகேந்திரராசா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். "அண்ணை, எனக்கும் ரெண்டு இடம் சொல்லி வையுங்கோ."

"இது விளையாட்டில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று எமில் மேடையை விட்டுப் போகுமுன் ஒலிவாங்கியில், வருகிற ஞாயிறு அந்தச் சால்வையைக் கிழித்தெறிவேன் என்று சவால் விட்டிருக்கிறார். அத்தனை பேர் முன்னால் விட்ட சவால். போகாவிட்டால் எங்கள் குடும்பத்துக்கு என்ன பெயர்? சால்வையைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பாதியில் விடுவது நல்ல பழக்கமில்லை என்று தம்பிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ரயில் ஒன்று இருபதுக்கு. ஆகையால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கே சாப்பாடு.