எரியாத விளக்கு

பழைய கார் வியாபாரி சாவியை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"சார், விளையாடலையே? இதைக் குடுத்துட்டு அதையா எடுக்கிறீங்க?"

'இது' என்று அவர் சொன்னது, இரண்டே கதவுகளோடு, குனிந்து வளைந்து ஏற வேண்டிய, ஒரு சின்ன வீட்டின் விலையுள்ள பந்தய ரகக் கார். 'அது' என்றது, மூலையில் வெயிலில் நின்ற நாலு கதவு ஸ்போர்ட்ஸ் செடான். விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

"அதேதான்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். மூன்று கிளைகளில் ஊருக்கே மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அவர்.

பக்கத்தில் நின்ற மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பள்ளிக்கூட டீச்சர். "நாப்பத்திரண்டு வயசுல புத்தி வந்துச்சே, அதுவரைக்கும் சந்தோஷம். பின் சீட்டுன்னு ஒண்ணு இருக்கிற வண்டியில இப்பதாங்க உட்காரப் போறேன்" என்றாள்.

அவர் மறுத்துப் பேசவில்லை. பாராட்டு இலவசமாக வரும்போது எதற்குத் திருப்பி அனுப்புவது?

நிஜக் காரணம் வேறு. ஞாயிறு காலைகளில் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் கூடும் கார்ப் பைத்தியங்களின் குழு அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஷோகேஸ்'. "நீ ஓட்டுறது கம்பெனிக்காரன் வேகம்யா, ஷோகேஸ். உன் வேகம் எங்கே?" என்று ஒருவன் கேட்டதும் பத்துப் பேர் சிரித்தார்கள். விலையுயர்ந்த காரில் ஒரு திருகாணியைத் தொட்டாலும் வாரண்டி போய்விடும். செடான் அப்படியல்ல. கழற்றலாம், மாட்டலாம், அறுக்கலாம், ஒட்டலாம். கடைசியில் 'நான் செய்தது' என்று மார் தட்டலாம்.

குழுவின் ஆஸ்தான மெக்கானிக்கை எல்லோரும் 'மாஸ்டர்' என்பார்கள். ஒரே மாதத்தில் ஸ்பிரிங்கைத் தாழ்த்தினார், சைலன்சரை மாற்றினார், முன் சீட்டைத் தூக்கிவிட்டுப் பந்தய சீட்டும் நாலு பட்டை பெல்ட்டும் போட்டார். பிறகு ஸ்டீயரிங்கைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கு சார். கடாசிட்டு, சின்னதா ஒண்ணு போட்டுடலாம்."

"அதுலதானே மோதினா விரியற ஏர்பேக் இருக்கு?"

"பந்தயக்காரன் எவன் சார் பை வச்சிருக்கான்?"

"அதுக்கில்ல மாஸ்டர். பை இல்லைன்னா எச்சரிக்கை லைட் எரியுமே. வீட்டுல பார்த்தா பிடிபிடின்னு பிடிச்சிடுவா."

மாஸ்டர் விரல் நுனியில் ஒரு பொருளைக் காட்டினார். இரண்டு பக்கமும் கம்பி நீட்டிய, அரிசி மணி அளவு ரெசிஸ்டர் என்ற மின்தடை.

"இதை ஒயர்ல கோத்துட்டா, பை உள்ளே பத்திரமா இருக்குன்னு வண்டி நம்பிடும். வண்டியே நம்பும்போது வீட்டுல நம்ப மாட்டாங்களா?"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு, 'ஷோகேஸ்' போய் 'ராக்கெட்' ஆனார்.

டீச்சரின் கண்ணில் புது ஸ்டீயரிங் பட்டுவிட்டது. "என்னங்க இது, பொம்மைக் கார் மாதிரி? நடுவுல ஏர்பேக்னு எழுதியிருக்குமே, அது எங்கே?"

"உள்ளேதான் இருக்கு. சந்தேகமா இருந்தா லைட்டைப் பாரு. கோளாறுன்னா எரியும். எரியுதா?"

"இல்ல."

"அப்புறமென்ன?"

அப்புறமென்ன, அவள் நம்பினாள். பதினாறு வருஷமாக நம்பி வந்தவளுக்குப் பதினேழாவது வருஷம் மட்டும் கஷ்டமா?

மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை காலை. ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அன்றைக்குத் தேர்வு வேறு. செடான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடியவள், கீழேயிருந்து போன் செய்தாள்.

"இந்த நாலு பட்டையை எப்படிங்க மாட்டுறது? எனக்கு ஒண்ணும் புரியல."

அவர் கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தார். இறங்கிப் போக இரண்டு மாடி. "இடுப்புல மட்டும் மாட்டிக்கோ. பக்கத்துலதானே போறே?"

மூன்றாவது திருப்பத்தில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. உயரம் குறைத்த கார் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போய் மோதியது. பெரிய வேகம் ஒன்றுமில்லை. இடுப்பு நின்றது. உடம்பு நிற்கவில்லை. அந்த அழகான சின்ன ஸ்டீயரிங்கின் விளிம்பு, அவள் தொண்டையில் இறங்கியது.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார் மருத்துவர். "குரல்வளை நொறுங்கியிருக்கு. பழைய குரல் திரும்பாது. கிசுகிசுன்னு பேசற அளவுக்கு வந்தாலே பெரிய விஷயம்."

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பைக் கிசுகிசுவென்று நடத்த முடியுமா?

மூன்றாம் நாள் கண்ணாடிக்கடைக்காரர் காவல் நிலையத்துக் கொட்டகையில் நின்றார். வாகன ஆய்வாளர் நசுங்கிய காரின் மேல் அந்த அரிசி மணியை வைத்தார்.

"இது யார் வேலை?"

தன் பெயரை இழுக்க வேண்டாமென்று மாஸ்டர் காலையிலேயே போனில் கெஞ்சி, என்ன சொல்வதென்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தப் பாடம் தயாராக இருந்தது. "தெரியல சார். வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும்."

ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதியபடியே சொன்னார்: "பந்தயத்துல பை இல்லைதான். ஆனா ஓட்டுறவனுக்குத் தலைக்கவசம் இருக்கு, கழுத்துக்காப்பு இருக்கு. பள்ளிக்கூடம் போற டீச்சர்கிட்ட என்ன சார் இருந்துச்சு? சாப்பாட்டுப் பைதான் இருந்துச்சு."

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கழுத்தில் குழாயோடு சாய்ந்திருந்த மனைவி, நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். பிள்ளைகளுக்கு எழுதுவது போலவே குண்டுகுண்டான எழுத்து.

'பை ஏன் விரியலை? நான் ஏதாவது தப்பா உட்கார்ந்துட்டேனா?'

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு கேட்டதுதான் அவரை உடைத்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். ஷோகேஸ், ராக்கெட், அரிசி மணி, கொட்டகையில் சொன்ன பொய் வரைக்கும். அவள் அழவில்லை. நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு எழுதினாள்.

'என்னால கத்த முடியாது. உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.'

கீழே இன்னொரு வரி: 'உங்க குழுவில இன்னும் எத்தனை வீட்டுல அந்த லைட் எரியாம இருக்கு?'

நோட்டை மூடிவிட்டு அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாழ்வாரத்துக்கு வந்தபோது போன் அடித்தது. மாஸ்டர்.

"முடிஞ்சுதா ராக்கெட்? சொன்ன மாதிரியே சொல்லிட்டீங்கல்ல?"

"சொன்னேன். இப்ப மாத்திச் சொல்ல ஸ்டேஷனுக்குத் திரும்பப் போறேன். நான் சரின்னேன், நீ மாட்டினே. இன்னும் யார் யார் வண்டியில மாட்டினேங்கிறதையும் நீயே வந்து சொல்லிடு."

"ஐயையோ, என்ன சார் பேசறீங்க? குழுவே மாட்டிக்கும். பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க சார்!"

"மாட்டட்டும். அவங்க வீட்டுல இருக்கிறவங்களுக்காவது தொண்டை மிஞ்சட்டும்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், படியிறங்கிக்கொண்டே. "விளக்கைத்தான்யா நாம அணைச்சோம், ஆபத்தை அணைக்கல. நம்ம வீம்புக்காக அடுத்தவங்க உயிர்க்காப்பைக் கழட்டிட்டு, எல்லாம் பத்திரமா இருக்குன்னு நம்ப வைக்கிறோமே, அதுக்குப் பேர் பொழுதுபோக்கு இல்ல. குற்றம்."