ஈரம் பட்டால் மணி அடிக்கும்

படுத்த படுக்கையாக இருக்கும் என் வீட்டுக்காரர், நனைத்துவிடுவோமோ என்ற பயத்தில் தண்ணீரே குடிக்கமாட்டார். டாக்டர் திட்டியும் பார்த்தார், நான் கத்தியும் பார்த்தேன். ம்ஹூம்.

விடுமுறைக்கு வந்த மகன், டயபரில் ஒட்டும் சென்சார் ஒன்றை வாங்கி வந்தான். சட்டைப் பொத்தான் அளவுதான். ஈரம் பட்டால் செல்போனில் மணி அடிக்கும். "இனிமே நீ மணிக்கொரு தடவை கையை விட்டுப் பாக்க வேண்டாம்மா" என்றான்.

நல்ல சாமான்தான். ஒரே மாதத்தில் அவர் தொடைப் புண் ஆறியது, என் முதுகும் நிமிர்ந்தது. ஆனால் அந்த மகா புத்திசாலி, என் நம்பருக்குப் பதிலாகத் தன் நம்பரைப் போட்டுவிட்டு வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டான். இங்கே இவர் நனைத்தால் அங்கே அவன் ஆபீசில் மணி அடிக்கிறது! உடனே இவர் தலைமாட்டுப் போனில் கூப்பிடுகிறான். "அப்பா, ஈரமாயிடுச்சு, அம்மாகிட்ட சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?" மாதத்துக்கு ஒரு தடவை பேசிக்கொண்டிருந்த பிள்ளை!

நேற்று என்னிடம், "மீட்டிங் நடுவுல அடிச்சு மானம் போகுதும்மா. உன் நம்பருக்கு மாத்திடறேன்" என்றான்.

"முதல்ல அதைச் செய். பக்கத்து ரூம்ல இருக்கற எனக்குத் தெரியாத சேதி உனக்கெதுக்கு?"

"மாத்தக் கூடாது!" என்று படுக்கையிலிருந்து அதட்டல் வந்தது.

காரணம் கேட்டேன், "போய் வேலையைப் பாரு" என்றார். இன்று மதியம் காலி டம்ளரை என்னிடம் நீட்டினார். மூன்றாவது டம்ளர்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி குடு. காலையிலேர்ந்து அவன் பேசவே இல்ல."