பஸ்ஸைத் திருப்பியது யார்?

எங்கள் அப்பா தையல்காரர். காலையில் கடையைத் திறந்து மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அவர் வாழ்க்கையில் நடந்த ஆகப் பெரிய விபத்து, ஊசி கட்டைவிரலில் ஏறியது. அம்மா பஸ் டிரைவர். அவளுக்கு நடக்காதது எதுவுமே இல்லை. அதனால் அப்பா அவளுடைய அனுபவங்களைச் சுட ஆரம்பித்தார்.

முக்கியமாக அந்த மாப்பிள்ளைக் கதை. கல்யாணக் கோட் போட்ட பையன் ஒருவன், தன் கல்யாணத்தன்று எங்கேயோ போகிற பஸ்ஸில் ஏறிவிட்டான். அம்மா ரூட்டை விட்டு விலகி, அத்தனை பயணிகளோடும் பஸ்ஸைக் கல்யாண மண்டபத்துக்கே ஓட்டிப் போனாள். ஆபீஸில் மெமோ கொடுத்தார்கள்.

அப்பா முதலில் இதை அம்மாவின் கதையாகத்தான் கடையில் சொன்னார். சில மாதம் கழித்து அவரும் அந்த பஸ்ஸில் இருந்தார். பிறகு, குலுங்குகிற பஸ்ஸில் நின்றபடியே மாப்பிள்ளையின் அறுந்த பட்டனைத் தைத்தார். இப்போதெல்லாம், "திருப்புடா வண்டியை!" என்று கத்தியதே அவர்தான். அம்மா யாரோ ஒரு டிரைவர், அதிலும் ஆம்பளை.

நான் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தேன். அன்று அவரும் அவர் அம்மாவும் முதல் தடவையாக மதியச் சாப்பாட்டுக்கு வரவிருந்தார்கள். காலையிலேயே அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு அந்தக் கதையை நான் சொல்றேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"சாப்பிடக்கூடவா?"

"அதுக்கு மட்டும் திறங்க."

"நீ சொன்னா டிப்போ ரிப்போர்ட் மாதிரி இருக்கும்டி."

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு நடந்ததை ஒருத்தராவது என் வாயால கேக்கட்டுமே."

அம்மா கத்தினால் எங்கள் வீட்டில் யாரும் பயப்பட மாட்டோம். அவள் மெதுவாகச் சொன்னதால் அப்பா தலையாட்டிவிட்டார்.

லிஃப்ட்காரரின் அம்மா மருந்துக் கடையில் வேலை செய்பவர். வந்து உட்கார்ந்ததுமே, அப்பா என்ன பிரஷர் மாத்திரை போடுகிறார் என்று விசாரித்துவிட்டார். சாப்பாட்டுக்கு நடுவில் அம்மா பக்கம் திரும்பினார்.

"பஸ் ஓட்டுறீங்களாமே சம்பந்தி! எத்தனை வேடிக்கை பார்த்திருப்பீங்க!"

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஒரு நாள் வண்டி நிறைய ஆளுங்க. ஒரு பையன் கோட் போட்டிருந்தான். அவனுக்குக் கல்யாணம். தப்பான பஸ். நான் திருப்பிக் கொண்டுபோய் மண்டபத்துல விட்டேன். மெமோ குடுத்தாங்க."

அவ்வளவுதான். கதை முடிந்துவிட்டது. லிஃப்ட்காரர், "ஓ" என்றார். அவர் அம்மா, "பாவம்" என்றார்; யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. விலை உயர்ந்த துணியை எவனோ கோணலாக வெட்டுவதைப் பார்ப்பதுபோல் அப்பா துடித்தார்.

"அந்தக் கோட்டுல..." என்று ஆரம்பித்தார். அம்மா திரும்பிப் பார்த்தாள். ஒரு பெரிய கவளத்தை வாயில் திணித்துக்கொண்டார்.

"அதெப்படி சம்பந்தி?" லிஃப்ட்காரரின் அம்மா விடவில்லை. 'எனக்கில்லை, ஃப்ரெண்டுக்கு' என்று மருந்து கேட்கிறவர்களை நம்பாமல் பழகியவர். "சொந்தக் கல்யாணத்துக்குப் போறவன் தப்பான பஸ்ல ஏறுவானா?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தப்பா ஏறல. ஓடிப்போறதுக்கு ஏறினான்."

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். "இதை நீ சொல்லவே இல்லையே!"

"எங்க சொல்ல விட்டீங்க? மாப்பிள்ளையை மண்டபத்துல விட்டேன், மெமோ குடுத்தாங்கன்னு சொன்னதுமே கடைக்கு ஓடிட்டீங்க."

"நீங்க சொல்லுங்க சம்பந்தி. அவரை விடுங்க."

குறுகலான தெருவில் பெரிய பஸ்ஸை வளைக்கிற நிதானம் அம்மாவுக்கு வந்துவிட்டது.

"ஒவ்வொரு ஸ்டாப்லயும் எட்டிப் பார்த்தான், இறங்கல. சிக்னல்ல என் பக்கத்துல வந்து நின்னு, 'அக்கா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? நல்லா இருக்கா?'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க ஆன்ட்டி?" என்றார் லிஃப்ட்காரர். அவசரமாகத்தான் கேட்டார், நான் கவனித்தேன்.

"எங்க வீட்டுக்காரர் ஒரு புளுகர்னு சொன்னேன்."

"அடியே!"

"குறட்டை விடுவார். ஊருக்கெல்லாம் தைப்பார், என் யூனிஃபார்ம் பட்டன் அறுந்து மாசக்கணக்கா ஊக்கு குத்திக்கிட்டுப் போறேன்னு சொன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டு, 'ஆனா வண்டியில என்ன நடந்தாலும், எப்படா வீட்டுக்குப் போய் அந்த மனுஷன்கிட்ட சொல்லுவோம்னு இருக்கும். உனக்கு அந்தப் பொண்ணுகிட்ட அப்படித் தோணுமா?'ன்னு கேட்டேன்."

யாரும் சாப்பிடவில்லை.

"அப்புறம்?"

கேட்டது அப்பா.

"பச்சை விழுந்துடுச்சு. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. இவன் நின்னு யோசிக்கிறான். அப்புறம், 'தோணும்க்கா. இப்படி ஓடி வந்த கூத்தைக்கூட அவகிட்டதான் சொல்லணும்'னான். உடனே ஒடிச்சுத் திருப்பினேன் பாருங்க, நின்னவனெல்லாம் ஒருத்தன் மடியில ஒருத்தன்!"

லிஃப்ட்காரரின் அம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. புதுக் கதை கேட்கிற குழந்தை மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

"திருப்புன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"ஒருத்தரும் சொல்லல. நானாத்தான் திருப்பினேன்."

அப்பா தன் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"குடிச்சுட்டு மீதியைச் சொல்லு. மண்டபத்துல யாரு முதல்ல பார்த்தா?"