நாங்கள் வாசித்துப் பார்த்த பதினாறு கிட்டார்கள்

1

"கிட்டாரைக் கொண்டு வாங்க சார். கையில வாங்கிப் பார்க்காம இனி ஒரு வரி எழுதமாட்டேன்."

இந்தக் கதை இந்த ஒரு பேச்சிலிருந்து வந்தது. பேசியவள் பூமாரி, இருபத்து நாலு வயது. கேட்டுக்கொண்டிருந்தவர் அவளுடைய மேலதிகாரி வெங்கி. இடம் பாலக்காட்டில், ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி. அங்கே பதினொரு பேர் உட்கார்ந்து எந்த மிக்ஸி வாங்கலாம், எந்த மெத்தை வாங்கலாம், எந்தக் கிட்டார் வாங்கலாம் என்று இணையத்துக்கு எழுதுகிறார்கள். சேர்ந்த அன்றைக்கே பூமாரிக்குச் சொல்லிவிட்டார்கள்: சம்பளம் கூட்டிக் கேட்கலாம், லீவு கேட்கலாம், சண்டைகூடப் போடலாம். எழுதுகிற பொருளை மட்டும் கேட்கக் கூடாது.

அவள் கேட்டுவிட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

2

இதற்கு முன் இரண்டு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட மனமில்லை, பாருங்கள்.

மாட்டுப்பட்டி அணைக்கு மேலே பனி இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் ஒற்றை ஜன்னலில் ஒரு தாய் தன் மகளின் பட்டத்தை

வேண்டாம். பனி, தேயிலை, லயம், தாய் என்று வரிசையாக வைத்தால் நீங்கள் உச்சுக்கொட்டத் தயாராகிவிடுவீர்கள். பூமாரி வீட்டில் முதல் பட்டதாரிதான். அப்பா பெரியமுத்து தேயிலை ஃபேக்டரியில், அம்மா கொழுந்து எடுக்கிறாள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அவள் செய்த காரியத்துக்கு இது சாக்கு ஆகாது.

கொடுக்கிற காசுக்கு ஏற்ற சிறந்த பேஸ் கிட்டார் எது? சந்தையில் உள்ள பதினாறு கிட்டார்களை நாங்கள் நாற்பது மணி நேரம் வாசித்துப் பார்த்தோம். அவற்றில்

இது நான் எழுதியதில்லை. பூமாரி எழுதிய கட்டுரையின் முதல் வரி. (சரி, நான் எழுதியதுதான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். பூமாரி நான்தானா என்று கேட்காதீர்கள். 'நாங்கள்' என்று பொய் எழுதியவள் 'நான்' என்று எழுதினால் மட்டும் நம்பிவிடுவீர்களா? அவள் என்றே இருக்கட்டும்.)

பதினாறு கிட்டாரும் இல்லை, நாற்பது மணி நேரமும் இல்லை. இரண்டு மணி நேரம். வேறு தளங்களில் இருந்ததை மாற்றி எழுதினாள், வாங்கியவர்கள் போட்ட கருத்துகளில் காரமானதை விட்டுவிட்டு இனிப்பானதைப் பொறுக்கினாள். எது முதலிடம் என்று வெங்கி சொன்னார். எந்த லிங்க்கைத் தட்டி வாங்கினால் கமிஷன் அதிகமோ அது முதலிடம்.

பக்கத்து மேஜை ஜோமோள் மலையாளப் பிரிவு. அவள் இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடுவாள். "எடீ பூமாரி, நான் இதுவரைக்கும் முப்பத்தி மூணு மெத்தையில படுத்துப் பாத்திருக்கேன். ஹாஸ்டல் பாய விட்டு எறங்காமலேயே."

பூமாரியும் சிரித்தாள். அதையும் சொல்ல வேண்டும்.

3

ஆங்கிலத்தில் 'வீ' என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. தமிழில் இரண்டு. 'நாம்' என்றால் கேட்கிறவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே நிற்கிறார், உள்ளே நாலு பேராவது இருக்கிறோம் என்று அர்த்தம். பூமாரியின் 'நாங்க'ளுக்குள் ஆளே கிடையாது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே கூட்டம் இருப்பதுபோல் சத்தம் காட்டுகிற வேலை.

ஒருநாள் அவளே வெங்கியிடம் கேட்டாள். அப்போது கோபமில்லாமல், சும்மா. அவர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை.

"சார், இந்த நாங்கள்னா யாரு?"

"அது ஒரு ஸ்டைலாக்கும். பத்திரிகைல தலையங்கம் எழுதறவா எழுதறா இல்லையா? அங்க போய் யாராவது தலை எண்ணுவாளோ?"

(வெங்கியை வில்லனாக எழுத மூன்று தடவை முயன்றேன். ஒரு தடவை தங்க மோதிரம்கூடப் போட்டேன். ஒட்டவில்லை. பூமாரிக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தன் ஸ்கூட்டரில் கொண்டுபோனவர் அவர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.)

வீட்டு வாட்ஸப் குழுவில் அந்தக் கட்டுரையைப் போட்டவள் பூமாரிதான். கட்டுரைக்கு அடியில் அவள் பெயர் இருந்தது. அம்மா அதைப் பக்கத்து லயத்துக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். அன்று சாயந்திரமே பாண்டித்துரை மாமா போனில் கூப்பிட்டார்.

4

பாண்டித்துரை அம்மாவின் தம்பி. வயது நாற்பதை நெருங்குகிறது. பகலில் மாட்டுப்பட்டி வருகிற டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுவார். சனி, ஞாயிறு மூணாறு ரிசார்ட்டுகளில் ஜோபி என்பவனின் பாட்டு ட்ரூப்பில் பேஸ் கிட்டார் வாசிப்பார். பதினொரு வருடமாக ட்ரூப்பின் கிட்டாரில் வாசித்தார். அதை ஜோபி விற்றுவிட்டான். இனி அவரவர் கருவியை அவரவர் கொண்டுவர வேண்டும் என்றான்.*

* பேஸ் கிட்டாருக்கு நாலே கம்பி. ஆறு கம்பிக் கிட்டாரைவிட விலை கூடுதல். "ரெண்டு கம்பி கொறச்சுக் குடுத்துட்டு காசு மட்டும் கூடவா?" என்று மாமாவிடம் அத்தை இன்றுவரை கேட்கிறாள். தன் வேலையைப் பற்றி அவர் சொல்வது வேறொன்று: "பாட்டு நல்லா இருந்தா பாடுனவனுக்குப் பேரு. மோசமா இருந்தாலும் பேஸ்காரன ஒருத்தனும் திட்டமாட்டான். அந்த ஒரு வசதி உண்டு."

ஊரில் பேஸ் தெரிந்த ஒரே ஆள் தன் சொந்த மாமா. எழுதும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கேட்டால், எந்தக் கிட்டார வச்சுப் பாக்குற, எங்க பாக்குற என்று அவர் கேட்பார்.

இப்போது அவரே கூப்பிடுகிறார்.

"தாயி, படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். நல்லா எழுதியிருக்க. ஜீப்புக்கு டயரு மாத்த கொஞ்சம் வச்சிருந்தேன், அதுல வாங்கிரலாம்னு இருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். 'நாங்கள் வாசித்துப் பார்த்தோம்'னு போட்டிருக்கே, அந்த நாங்கள்ல நீயும் உண்டுல்ல?"

பூமாரி உடனே பதில் சொல்லவில்லை. தயங்கினாள் என்று எழுதினால் அவளுக்குக் கொஞ்சம் நல்ல பெயர் கிடைக்கும். பேருந்து ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர் திரும்பக் கேட்டார்.

"உண்டு மாமா."

"அப்பச் சரி."

முதலிடத்தில் இருந்ததை வாங்கினார்.

5

ஓணம் லீவில் பூமாரி ஊருக்குப் போனபோது மாமாவின் இடது கை விரல் நுனிகளில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. ஜீப்பில் ஏதோ வேலை பார்த்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"ஜீப்பு இல்ல தாயி. கிட்டாரு. கழுத்துல அஞ்சாவது கட்டைக்கு மேல எங்க அமுக்குனாலும் ஸ்ர்ருனு இரையுது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாப்போம், இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாப்போம்னு தோலு உரிஞ்சு போச்சு."

"கிட்டாரு சரியில்லையோ என்னமோ மாமா."

அவர் சிரித்தார். "நாப்பது மணி நேரம் வாசிச்சுப் பாத்து நீங்க எடுத்துக் குடுத்தது. அதெப்படி சரியில்லாமப் போகும்? என் கைதான் போயிருச்சு. ஜோபியும் அதான் சொன்னான். 'அண்ணே, கை தளந்துருச்சு, ஒத்துக்கங்க'ன்னான். ஒத்துக்கிட்டேன். வேற ஆளு வச்சுட்டான்."

"மாமா, நீங்க வாசிங்க. நான் பாக்குறேன்."

"உனக்கு எதுக்கு இந்தக் கண்ராவி?" என்றாலும் எடுத்து வாசித்தார். அவள் செல்போனில் வீடியோப் படம் எடுத்தாள். கட்டைக்குக் கட்டை இரைந்தது. ஒவ்வொரு இரைச்சலுக்கும் அவர் தலையைக் குனிந்து தன் விரலைப் பார்த்தார், கிட்டாரைப் பார்க்கவில்லை. பாதிப் பாட்டில் நிறுத்தி, துணி மடிப்பதுபோல் தோள்வாரை மடித்து, கிட்டாரை உறைக்குள் வைத்தார்.

"அவ்வளவுதான் தாயி. விட்டுட்டேன்."

இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வாக்கியம். எழுதியும் பார்த்தேன்:

"மாமா, நான் அதைத் தொட்டதேயில்லை. உங்க கை

முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அவள் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் நின்று ரேஷன்கடைக்காரர் மனைவியிடம், "எம்மவ எழுதுனதப் பாத்துத்தான் எந்தம்பியே வாங்குனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமை பூமாரிக்கும் தேவையாக இருந்தது. ஒருவரின் கையை விலையாகக் கொடுத்து அதைக் காப்பாற்றிக்கொண்டு மறுநாள் வண்டியேறினாள்.

6

பாலக்காட்டில் இசைக்கருவிகள் விற்கிற ஒரு கடையில் பழுது பார்ப்பவன் ரிஞ்சு. எல்லைப்பக்கத்து நல்லேப்பிள்ளிக்காரன், பேச்சு கொங்குத் தமிழ். பூமாரி செல்போனை நீட்டினாள். படத்தில் கிட்டாரைப் பார்த்ததுமே அவன் முகம் சுளித்தான்.

"ஏனுங்க, இத வாங்கச் சொல்லி எந்தப் புண்ணியவானுங்க உங்களுக்குச் சொன்னது?"

"நெட்டுல படிச்சேன்."

"நெட்டுல எழுதறவனுக்கு என்னங்க, விரலா தேயுது? இதே மாடல் நாலு இங்க திரும்பி வந்திருச்சுங்க. கழுத்துல போட்ட மரம் காயாத மரம். வளைஞ்சா உள்ள இருக்கற இரும்புக் கம்பியத் திருப்பி நேராக்கிருவேன். இது முறுக்கிக்கும். முறுக்கிக்கிச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அதுலயும் மலைக்குப் போச்சுன்னா ரெண்டே மாசம்."

"இந்தக் காசுக்கு வேற எது வாங்கியிருக்கலாம்?"

"பழசு வாங்கோணுங்க. பத்து வருசம் யாராச்சும் வாசிச்சு, இன்னும் கழுத்து முறுக்காம இருக்கற பழசு. பேரு, கலரு எதையும் பாக்க வேண்டாம்."

கொடுக்கிற காசுக்கு ஏற்ற சிறந்த பேஸ் கிட்டார் எது என்ற கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். இதற்கு லிங்க் கிடையாது, கமிஷனும் கிடையாது.

ரிஞ்சு படத்தை ஒலியை அடக்கி இன்னொரு முறை ஓட்டினான். விரல்களை மட்டும் பார்த்தான்.

"இவரு எங்கீங்க வாசிக்கறாரு? கை சுத்தமா இருக்குதுங்களே."

"இப்ப வாசிக்கிறதில்ல" என்றாள் பூமாரி.

மறுநாள் காலை வெங்கியின் அறைக்குப் போய்த்தான் அந்தக் கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

7

வெங்கி கோபப்படவில்லை. "பாக்கலாம்" என்றார். வியாழக்கிழமை கிட்டார் வந்தேவிட்டது. கறுப்பு உறையில், மேஜைமேல்.

இங்கே நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். துணிந்து கேட்டாள், கிடைத்தது. நீங்களும் நிம்மதியாக மூடிவைத்துவிட்டுப் போகலாம்.

உறையைத் திறந்தாள். பளபளவென்று இருந்தது. மாமா வாங்கிய மாடல் இல்லை. அதைப்போல் மூன்று மடங்கு விலை.

"இது வேற மாடல் சார்."

"தெரியும். மத்தியானம் வரைக்கும் இரவல் வாங்கிண்டு வந்திருக்கேன். மாட்டிண்டு நில்லு, ஜோமோள் ஒரு போட்டோ எடுக்கட்டும். கட்டுரைக்கு மேல போட்டுடலாம். தூரத்துலேர்ந்து எடுத்தா யாருக்குத் தெரியப்போறது? நீ கேட்டியே, நாங்கள்னா யாருன்னு. இனிமே முகம் இருக்கும்."

"முதலிடத்துல இருக்கிற கிட்டார் கழுத்து முறுக்குது சார். நாலு திரும்பி வந்திருக்கு. எங்க மாமாவும் அதைத்தான் வாங்கினார்."

வெங்கி உண்மையிலேயே வருத்தப்பட்டார். "மாமாவுக்கு வேற ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாம். என் கையிலேர்ந்து தரேன். லிஸ்ட்டை மாத்த முடியாது பூமாரி. அதாக்கும் நமக்குச் சோறு."

நமக்கு என்றார். அவ்வளவு நேரமும் 'நாங்க'ளுக்குள் ஆள் தேடிக்கொண்டிருந்தவளை ஒரே சொல்லில் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார். அதில் பொய்யும் இல்லை. எட்டு மாதமாக அவள் தின்றதும் அந்தச் சோறுதான்.

8

முடிவுகள்.

அவள் மாட்டுப்பட்டி போகிறாள், மாமாவிடம் சொல்கிறாள். மாமா அந்த முறுக்கிய கிட்டாரை எடுத்து அணைக்குள்

சினிமா.

மாமா செருப்பைக் கழற்றுகிறார். இது எனக்குப் பிடித்திருக்கிறது. பூமாரிக்கும் பிடிக்கும். ஆனால் அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

கை நன்றாக இருக்கிறது என்று தெரிந்து ஜோபியிடம் போகிறார். ஜோபி சொல்கிறான், "அதான் வேற பய இருக்கானேண்ணே." இது நடக்கக்கூடியது. எழுதவே கை வரவில்லை.

நான் எதையும் எழுதப்போவதில்லை. மாமா என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை. "பரவாயில்ல தாயி" என்று மட்டும் அவரைச் சொல்ல வைக்காதீர்கள். அவர் அதைத்தான் சொல்வார் என்று பூமாரிக்குப் பயம். அதைச் சொல்லிவிட்டால் அவளுக்கு அதற்கப்புறம் போக இடமில்லை.

9

ஜோமோள் போனைத் தூக்கிப் பிடித்தாள். பூமாரி வாரைத் தோளில் மாட்டியிருந்தாள். கனமாக இருந்தது. எட்டு மாதத்தில் அவள் தொட்ட முதல் பொருள்.

"ஒண்ணு சிரிக்கடீ" என்றாள் ஜோமோள். சொல்லிவிட்டு அவளே போனை இறக்கிவிட்டாள்.

பூமாரி கிட்டாரைக் கழற்றி, கவனமாக உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள். "அடியில இருக்கிற என் பேர எடுத்துருங்க சார்" என்றாள்.

"நாளைக்கு நிதானமாப் பேசலாம். நாளைக்கு வருவியோன்னோ?"

இந்த அறைக்கு வருவதற்கு முன்பே, ரிஞ்சுவின் கடை வாசலிலேயே, மாமாவிடம் சொல்லிவிடுவதென்று அவளுக்கு முடிவாகியிருந்தது. போனில் சொல்லக் கூடாது என்பதுவரை. இங்கே வந்து கேட்டதெல்லாம், பொய் சொன்னது தான் மட்டுமில்லை என்று ஒரு துணை கிடைக்குமா என்று பார்க்கத்தான். துணை கிடைத்தது. அதனால் தன் பங்குப் பொய் ஒன்றும் குறையவில்லை.

பொள்ளாச்சி வண்டி பதினொன்றே காலுக்கு. அங்கிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து மலையேற வேண்டும். மாமாவின் வீட்டு வாசலை எட்டும்போது இருட்டியிருக்கும். அவர் கதவைத் திறந்ததும், உட்காருவதற்கு முன்னால், அத்தை டீ போடப் போவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். நாங்கள் என்று தொடங்கக் கூடாது.

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.