நியாய விலை வீடு

பட்டாபிராமன் இருபத்தாறு வருஷம் மத்திய சர்க்காரில் விலை நிர்ணயம் செய்தவர். அந்தக் காலத்துக்குள் அவருடைய அமைச்சகத்தின் பெயர் நாலு தடவை மாறியது. அவர் பிரிவு மட்டும் மாறவில்லை. சைக்கிள் டயர் என்ன விலைக்கு விற்க வேண்டும், நோட்டுப் புத்தகக் காகிதம் டன்னுக்கு எவ்வளவு என்றெல்லாம் கோப்பில் எழுதி, கீழே சின்னதாகக் கையெழுத்துப் போடுவார். அண்டர் செகரெட்டரியாக ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் சந்தன மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கடிகாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஏமாந்திருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்ததும் மனைவி ருக்மிணியிடம் சொன்னார்.

சர்வீஸ் முழுவதும் டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். நடுவில் சர்க்கார் ஊழியர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஒரு ஹவுசிங் சொசைட்டியில் பணம் கட்டி, முதல் மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். ஓய்வுக்குப் பிறகு அதில் குடிபுகுந்து இரண்டு குளிர்காலம் ஆயிற்று. இரண்டாவது குளிர்காலத்தில் ருக்மிணியின் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. அவள் தங்கை சுந்தரவல்லி ஸ்ரீரங்கத்தில் இருந்தாள். ஃபிளாட்டை விற்றுவிட்டு அங்கே போய்விடலாம் என்று முடிவாயிற்று.

முடிவான மறுநாள் பட்டாபி ஒரு கோப்பு திறந்தார். நிஜமான கோப்பு. அட்டை, நாடா, வலது பக்கம் கடிதங்கள், இடது பக்கம் குறிப்புகள். மூன்று நாள் கணக்குப் போட்டார். பத்து வருஷத்துக்கு முன் கட்டிய பணம், தேய்மானம், சமையலறைக்குப் பதித்த ஓடு, கொசுவலைக் கதவு, அதன்மேல் நியாயமான லாபம். நாலாவது நாள் காலை காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து அறுநூத்தி அம்பது."

"அந்த அறுநூத்தி அம்பது எதுக்கு?" என்றாள் ருக்மிணி.

"அது கணக்குல வந்தது."

"கேக்கறவா சிரிப்பாளே."

"சிரிக்கட்டும். டயர் விலை பதினெட்டு ரூபாய் முப்பத்தஞ்சு பைசான்னு போட்டப்போ யாராவது சிரிச்சாளா?"

மார்க்கெட்டில் ட்ரை க்ளீனிங் கடை வைத்திருந்த சோப்ராதான் அந்தக் காலனிக்கு வீட்டுத் தரகர். மற்றவர்களின் கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து டெலிபோனில் வீடு விற்பார். பட்டாபி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போய் விலையைச் சொன்னார். சோப்ரா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"சாப், மூணு லட்சம்னு சொல்லுங்க, ரெண்டுக்குக் குடுங்க. இல்லே, ரெண்டுன்னு சொல்லி ரெண்டுக்கே குடுங்க. இது என்ன ரேட்டு? பால் பூத்தா?"

"ஃபிக்ஸட் பிரைஸ்" என்றார் பட்டாபி.

"அச்சா. அப்ப நானும் ஃபிக்ஸட்தான். இங்கேயே இருக்கேன்" என்று சோப்ரா இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

அது ஆசியாட் முடிந்த மறு வருஷம். விளையாட்டுப் போட்டிக்காக நகரத்தில் மேம்பாலங்கள் எழும்பியபோது, தன் வீட்டு விலையும் கூடவே எழும்பும் என்று நம்பாதவர் அந்தக் காலனியில் இல்லை. போட்டி முடிந்தது. மேம்பாலங்கள் இருந்தன. வாங்குகிறவர்களைக் காணோம். ஏழெட்டு ஃபிளாட்டுகளின் பால்கனியில் 'விற்பனைக்கு' என்று எழுதிய தகரம் தொங்கி, வெயிலில் எழுத்து மங்கிக்கொண்டிருந்தது.

முதல் இரண்டு மாதத்தில் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒரு பாங்க் மானேஜரின் மனைவி எல்லா அலமாரிகளையும் திறந்து பார்த்துவிட்டு, ருக்மிணியின் புடவைகளைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனாள். ஒரு வக்கீல் பால்கனியில் நின்று எதிரே குப்பைத் தொட்டி இருக்கிறது என்று இருபதாயிரம் குறைக்கச் சொன்னார். அது முனிசிபாலிட்டிச் சொத்து, தன் கணக்கில் வராது என்றார் பட்டாபி. மூன்றாவதாக வந்த சரிகை வியாபாரி ஃபிளாட்டைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும், "ஒண்ணாம் நம்பரில் எவ்வளவு, ரெண்டாம் நம்பரில் எவ்வளவு?" என்றார். பத்திரத்தில் காட்டும் பணம் ஒன்றாம் நம்பர், மேஜைக்கு அடியில் தருவது இரண்டாம் நம்பர். பட்டாபி எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வியாபாரிக்குக் கோபம் வரவில்லை. இந்த மனுஷருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்பதுபோல் ருக்மிணியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார்.

நாலாவதாக வந்தவர் கல்யாணராமன். அதே சொசைட்டியில் பக்கத்து பிளாக்கில் அச்சாக இதே மாதிரி ஃபிளாட் அவருக்கும் இருந்தது. அதே அமைச்சகத்தில் நிதிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாபி எந்தத் தொகையை எழுதி அனுப்பினாலும் அதில் பத்து சதவிகிதம் குறைத்துத் திருப்பி அனுப்புவது சர்வீஸ் முழுவதும் அவர் வேலையாக இருந்தது. ஏன் பத்து என்று யாரும் கேட்டதில்லை.

அவர் காபி குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். மலை மந்திர் முருகன் கோவிலில் கிருத்திகைக்குக் கூட்டம் அதிகம் என்றார். எழுந்து போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "எவ்வளவு சொல்றீர் ஓய்?" என்று கேட்டார். பட்டாபி சொன்னார். மறைக்க வேண்டியது என்ன இருக்கிறது?

ஒரு வாரத்தில் கல்யாணராமன் பால்கனியிலும் தகரம் தொங்கியது. சோப்ரா கடைக்குப் போன இடத்தில் ருக்மிணிக்கு விலை தெரிந்தது. இரண்டு லட்சத்துப் பதிமூன்றாயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து.

பட்டாபி காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார். சரியாகப் பத்து சதவிகிதம் குறைவு. பைசா பிசகவில்லை.

"பாவி, இன்னும் ரிடயர் ஆகலை" என்றார்.

அன்றே கோப்பில் 'இடைக்கால மறு பரிசீலனை' என்று தலைப்புப் போட்டார். கூர்ந்து பார்த்ததில் தேய்மானத்தை முதலில் குறைவாகப் போட்டுவிட்டது தெரிந்தது. புது விலை இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு. அதைச் சோப்ராவிடம் சொன்ன மறுநாள் கல்யாணராமனின் விலை ஒரு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்து நூற்று அறுபதாக இறங்கியது. கோவிலில் கல்யாணராமனின் மனைவி குஞ்சம்மாளைப் பார்த்து ருக்மிணி சிரித்தாள். குஞ்சம்மாளும் சிரித்தாள். முன்பு நின்று பேசுகிறவர்கள், இப்போது சிரித்துவிட்டுக் கடந்தார்கள்.

வாங்குகிறவர்கள் இதனால் ஓடி வந்துவிடவில்லை. வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் வருவதை நிறுத்தினார்கள். "என்னய்யா ஆச்சு?" என்று சோப்ராவிடம் கேட்டார் பட்டாபி.

"சாப், விலை இறங்குதுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? தீபாவளி வரைக்கும் காத்திருந்தா நீங்களே பணம் குடுத்து எடுத்துக்கச் சொல்லுவீங்கன்னு ஜனங்க பேசிக்கிறாங்க."

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணிக்கவாசகம் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை சஃபாரி, கையில் ஹெல்மெட். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சித்தாளாக டில்லிக்கு வந்து, மேஸ்திரியாகி, இப்போது சர்க்கார் கட்டடங்களுக்கு ஆள் கொடுக்கிற காண்ட்ராக்டர். யமுனை தாண்டி வாடகை வீட்டில் இருந்தார். உள்ளே வந்தவர் அலமாரியைத் திறக்கவில்லை, பால்கனிக்குப் போகவில்லை. கூடத்து மூலைத் தூணை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இந்தக் கட்டடத்துல நான் வேலை செஞ்சேன் சார். இந்தத் தூணுக்குக் கம்பி கட்டினதே நான்தான். எட்டுக் கம்பி வரணும். ஆறுதான் போட்டோம். அன்னிக்கு லாரி வரல."

ருக்மிணி தூணிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள்.

"ஒண்ணும் ஆவாதும்மா. மூணு மாடிக்கு ஆறு தாங்கும். நாலாவது மாடிக்காரங்கதான் யோசிக்கணும்."

"இதுக்கு மாடி மூணுதானே?" என்றார் பட்டாபி.

"அதான் சொல்றேன். கட்டாம விட்டது நல்லதாப் போச்சு."

பட்டாபி இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு என்றார். மாணிக்கவாசகம் பேரம் பேசவில்லை.

"என்கிட்ட ஒரு லட்சத்துத் தொண்ணூறு இருக்கு சார். எல்லாம் பேங்க்லதான் இருக்குது. கவர்மெண்ட் வேலை, செக்காத்தான் வருது. டிராஃப்ட் எடுத்துக் குடுத்துடறேன்."

"ஒண்ணு தொண்ணூறு எப்படி வந்தது? என்ன அடிப்படை?"

"அடிப்படை என்னா சார், அவ்வளவுதான் இருக்குது."

"பக்கத்து பிளாக்ல ஒண்ணு இருக்கே. அவர் கிட்டத்தட்ட அந்த விலைதான் சொல்றார்." இதைச் சொல்லும்போது நேர்மையாக இருக்கிறோம் என்கிற திருப்தியும், ஏன் சொன்னோம் என்கிற வருத்தமும் பட்டாபிக்கு ஒன்றாக வந்தன.

"பாத்தேன் சார். அந்த பிளாக் வேற ஆளுங்க கட்டினது. அதுல என்ன போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. இதுல என்ன போடலேன்னு தெரியும்."

ஒரு வாரம் அவகாசம் கேட்டு அவரை அனுப்பினார்கள்.

"கொடுத்துடுங்கோ" என்றாள் ருக்மிணி. "இன்னொரு ஜனவரி என்னால ஆகாது."

"கொடுக்கலாம். ஆனா கோப்புல என்ன எழுதறது? அவர்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்னு எழுத முடியுமா?"

"யார் பாக்கப் போறா அந்தக் கோப்பை?"

அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கோப்புடன் உட்கார்ந்தார். தேய்மானத்தை அரை சதவிகிதம் ஏற்றினார். நியாயமான லாபத்தைக் கொஞ்சம் குறைத்தார். குப்பைத் தொட்டிக்கு ஒரு தொகையைக் கழித்தார். தூணில் இல்லாத இரண்டு கம்பிகளுக்கு ஒன்று. நாலு மணிக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டைத் தள்ளுபடி செய்தார். கணக்கு கச்சிதமாக இருந்தது. எந்த ஆடிட்டரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

அப்போதுதான் அவருக்கு டயர் விலை ஞாபகம் வந்தது. காலையில் மேலிடத்திலிருந்து போன் வரும். "பதினெட்டை ஒட்டி இருந்தால் நல்லது, பட்டாபி" என்று ஒரு குரல் சொல்லும். சாயங்காலத்துக்குள் அவர் கணக்கு பதினெட்டு முப்பத்தைந்தில் வந்து நிற்கும். கல்யாணராமன் பத்து சதவிகிதம் வெட்டுவார் என்று தெரிந்து அதற்கும் இடம் விட்டே போடுவார். தன் கணக்கு முறை எப்படி எப்போதும் சரியான இடத்தில் வந்து நிற்கிறது என்று அந்த நாட்களில் அவருக்குப் பெருமை. பேனாவை மூடி வைத்தார். ருக்மிணி காபி கொண்டு வந்தபோது, "இருபத்தாறு வருஷம்" என்றார். "என்ன இருபத்தாறு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லை. அவரை வரச் சொல்லிடலாம்" என்றார்.

விற்பனை முடிந்தது. முழுத் தொகையும் டிராஃப்டில் வந்தது, அதே தொகை பத்திரத்தில் ஏறியது. சாவியை வாங்கிக்கொள்ள மாணிக்கவாசகத்துடன் அவர் மனைவி வீராயியும் வந்தாள். குளியலறைக் குழாய் சொட்டுவதை ருக்மிணி காட்டிக் கொடுத்தாள். வீராயி அதைத் திருகிப் பார்த்து, "வாஷர் போச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சமையலறை ஜன்னலை அளக்கப் போய்விட்டாள்.

பத்திரத்தில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்று எழுதியிருப்பது காலனியில் இரண்டே நாளில் பரவியது. பத்திரத்தில் ஒன்று தொண்ணூறு காட்டியிருந்தால் மேஜைக்கு அடியில் எத்தனை என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நாற்பது இருக்கும் என்றார்கள். காண்ட்ராக்டர் பணம், அறுபதுக்குக் குறையாது என்றார்கள். மொத்தம் இரண்டரை லட்சம் என்று பால் பூத் வரிசையில் முடிவாயிற்று. பட்டாபியை மிகவும் சாது என்று நினைத்திருந்தவர்கள், சர்வீஸில் எவ்வளவு பார்த்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். சோப்ரா மறுக்கவில்லை. யார் கேட்டாலும் கோட்டுகளுக்கு நடுவிலிருந்து லேசாகச் சிரித்தார்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புறப்படுகிற அன்று கல்யாணராமன் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ருக்மிணி பெட்டிக்குள் சாமான்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். அவர் பட்டாபியைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஓய், எங்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லும். முப்பது வருஷப் பழக்கம்."

"ஒரு லட்சத்துத் தொண்ணூறு."

"அது பத்திரத்துல."

"பத்திரத்துலதான். வேற எதுலயும் இல்லை."

கல்யாணராமன் அவர் தோளில் தட்டினார். "பரவாயில்லை. சொல்ல வேண்டாம். உம்ம ஸ்தானத்துல இருந்தா நானும் இப்படித்தான் சொல்லுவேன்."

பட்டாபிக்குக் கோபம் வந்தது. கோப்பு பெட்டியில்தான் இருந்தது, எடுத்துக் காட்டலாம். எதைக் காட்டுவது? விசில் ஊதியது. பழத்தை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

மாசி மாதம் ஸ்ரீரங்கத்துக்குக் கல்யாணராமனிடமிருந்து ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. காலனியில் இப்போது இரண்டரைக்குக் குறைந்து யாரும் பேசுவதில்லையாம். பட்டாபி ஃபிளாட் போன விலை அதுதான் என்று வாங்குகிறவர்களே ஒத்துக்கொள்கிறார்களாம். அவர் தன்னுடையதை இரண்டு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்துக்குக் கொடுத்துவிட்டாராம். அதில் எவ்வளவு எந்த நம்பரில் என்று எழுதவில்லை. 'எல்லாம் உம்முடைய கைங்கரியம்' என்று முடித்திருந்தார்.

பட்டாபி கடிதத்தை இரண்டு தடவை படித்து நாலாக மடித்தார். ருக்மிணி சுந்தரவல்லியோடு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் காலை நீட்டியிருந்தாள்.

"யார், கல்யாணராமனா? என்ன எழுதியிருக்கார்?"

"சௌக்யமா இருக்காளாம்" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காவேரிக்குக் குளிக்கப் புறப்பட்டார்.